பஸ்டர் கீட்டன்: படம் முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிறு வீட்டுச் சுவரில் ஏதாவது ஒரு பழைய ஊமைப்படம் போடுவேன். நண்பர்கள் வருவார்கள், கூடவே அவர்கள் பிள்ளைகளும். கீட்டன் படம் போடும் நாளில் மட்டும் படம் முடிந்தும் யாரும் எழுந்து போவதில்லை, கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

யாருங்க இந்த பஸ்டர் கீட்டன்? சாப்ளின் மாதிரி ஒருத்தரா?

சாப்ளின் காலத்து ஆள்தான், ஆனால் வேறு மாதிரி. 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜோ, அம்மா மைரா இருவருமே ஊர் ஊராகப் போய் மேடை ஏறுகிறவர்கள். குழு போகிற வழியில் அம்மாவுக்கு வலி எடுத்தது, அதனால் அந்த ஊர் பிறந்த ஊராகிவிட்டது. மற்றபடி அந்த ஊருக்கும் அவருக்கும் ஒட்டு உறவு கிடையாது.

1920களில் சாப்ளின், ஹரால்ட் லாயிட், கீட்டன் மூவரும்தான் ஊமைப்பட நகைச்சுவையின் பெரிய பெயர்கள். வசூலில் கீட்டன் மற்ற இருவருக்கும் பின்னால்தான் இருந்தார். இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் மூவரில் மிகக் குறைவாகப் பழசாகிப் போனவர் அவர்தான் என்பது என் கட்சி.

வாடவில் வாடவில்னு சொல்றீங்களே, அது என்ன?

சினிமாவுக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் மக்கள் காசு கொடுத்துப் பார்த்த பலவகை மேடை நிகழ்ச்சி. ஒரே மாலையில் ஒரு பாட்டு, ஒரு கழைக்கூத்து, ஒரு மாயாஜாலம், பழக்கிய நாய்கள், ஒரு சிரிப்பு நாடகம் என்று வரிசையாக வரும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடங்கள்தான். அதற்குள் சிரிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஊரில் வேலை இல்லை. கீட்டன் குடும்பத்தின் பெயர் 'மூன்று கீட்டன்கள்'. பையன் மேடை ஏறும்போது ஐந்து வயதுகூட ஆகவில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இருபத்தொரு வயதில் அவர் முதன்முதலாக கேமரா முன்னால் நின்றபோது, அவருக்குப் பின்னால் பதினாறு பதினேழு வருட மேடை அனுபவம் இருந்தது.

'பஸ்டர்'ங்கிற பேரை வச்சது மாயாஜாலக்காரர் ஹூடினியாமே?

குடும்பம் சொல்லிவந்த கதை அது. தவழும் வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து, அழாமல் எழுந்து உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்து ஹூடினி, "நல்ல பஸ்டர்தான் இது" என்றாராம். அந்தக் கால மேடைப் பேச்சில் பலமாக விழுவதைத்தான் பஸ்டர் என்பார்கள். கீட்டன் குடும்பமும் ஹூடினியும் ஒரே மருந்து வியாபாரக் கூட்டத்தில் ஒன்றாகச் சுற்றியது உண்மை. மேடையில் கூட்டம் சேர்த்துவிட்டு மருந்துப் புட்டி விற்கும் தொழில் அது.

ஆனால் பெயரைச் சூட்டியது வேறொரு நடிகர் என்றும் பழைய பேட்டி உண்டு. அப்பா ஜோ பத்திரிகைக்காரர்களுக்குக் கதை விடுவதில் கெட்டிக்காரர். அதனால் இந்தக் கதையை ரசிக்கலாம், சத்தியம் செய்ய வேண்டாம்.

சின்னப் பையனை மேடையில தூக்கித் தூக்கி எறிஞ்சாங்களாம். அது கொடுமை இல்லையா?

எறிந்தது நிஜம். அப்பாவுக்கு அடங்காத பிள்ளை என்பதுதான் நாடகம். பையனின் சட்டை முதுகில் பெட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு கைப்பிடி தைத்திருந்தார்கள். அதைப் பிடித்து அப்பா அவனைத் திரைச்சீலை மேல் வீசுவார், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் வீசுவார், சில நாள் பார்வையாளர்கள் மேலேயே வீசியிருக்கிறார். 'மேடைத் தரை துடைக்கும் மனிதத் துணி' என்ற பொருளில் விளம்பரம் வேறு.

நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இவர்களை விடாமல் துரத்தியது. சட்டத்தை ஏமாற்ற, பையனை வயதுவந்த குள்ளர் என்று சொல்லியும் பார்த்தார்கள். அதிகாரிகள் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோதெல்லாம் உடம்பில் காயம் இருக்கவில்லை என்று கீட்டன் பிற்பாடு சொன்னார். அடிபடாமல் விழத் தெரியும் என்றும், அது பூனைக்கு வருவதுபோல் தனக்கு வந்தது என்றும் சொல்வார். தன் குழந்தைப் பருவத்தைக் கொடுமை என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மை. பிள்ளைக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் போலீசைக் கூப்பிடத்தான் வேண்டும். அதுவும் அப்பா நாளாக ஆகக் குடித்துவிட்டு மேடை ஏறினார். எறிகிறவர் நிதானமாக இருந்தால்தானே விழுகிறவன் கணக்குப் போட முடியும்? 1917இல் குழு கலைந்ததே அதனால்தான்.

ஏன் இந்த மனுஷன் சிரிக்கவே மாட்டேங்கிறார்? ஏதாவது சோகமா?

சோகம் இல்லை, தொழில். விழுந்து எழுந்து தானும் சேர்ந்து சிரித்தால் கூட்டத்தின் சிரிப்பு குறைகிறது என்று சிறுவயதிலேயே கவனித்துவிட்டார். முகத்தை அசைக்காமல் வைத்தால் கொட்டகை அதிர்கிறது. அதையே பிடித்துக்கொண்டார். பத்திரிகைகள் 'கல்முகம்' என்று பட்டம் கொடுத்தன.

அசையாத முகம் என்றால் வெற்று முகம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைப் பாருங்கள். ஆபத்து வரும்போது அவர் பயப்படுவதில்லை, யோசிக்கிறார். குழாய் உடைந்தால் பிளம்பர் எப்படிப் பார்ப்பார், அந்தப் பார்வை. நாமும் அவரோடு சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம், சிரிப்பு அங்கேதான் வருகிறது.

அந்தத் தட்டைத் தொப்பி எங்க கிடைக்கும்?

கடையில் கிடைத்ததில்லை, அவரே செய்தது. சாதாரண ஃபெல்ட் தொப்பியை வெட்டிக் குட்டையாக்கி, விளிம்பைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து விறைப்பாக்குவார். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி. ஒரு படத்துக்குப் பல தொப்பிகள் நாசமாகும் என்பதால் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மேடையிலிருந்து சினிமாவுக்கு எப்படி வந்தார்?

தற்செயலாக. 1917இல் குழு கலைந்ததும் நியூயார்க்கில் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது, சம்பளம் வாரம் 250 டாலர். ஒத்திகை தொடங்குவதற்குள் தெரிந்தவர் ஒருவர் ராஸ்கோ ஆர்பக்கிளின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். ஆர்பக்கிள் அப்போது பெரிய நட்சத்திரம். பருத்த உடம்பு, இறகு மாதிரி அசைவு. சும்மா பார்க்கப் போன கீட்டன் அன்றைக்கே ஒரு காட்சியில் நடித்துவிட்டார். அப்புறம் கேமராவுக்குள் என்ன இருக்கிறது, பிலிம் எப்படி ஓடுகிறது, எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வாரம் 40 டாலருக்கு அங்கேயே சேர்ந்தார்.

இடையில் 1918இல் முதல் உலகப் போருக்காகப் பிரான்சுக்குப் போனார். சண்டை பார்க்கவில்லை, ஆனால் காதில் தொற்று ஏற்பட்டுக் கேட்கும் திறன் ஓரளவு போயிற்று. திரும்பி வந்து மறுபடி ஆர்பக்கிளோடு. 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்கென்றே தனி யூனிட் அமைத்துக் கொடுத்தார். அடுத்த எட்டு வருடம்தான் நாம் இன்றைக்குப் பேசும் கீட்டன்.

அந்த ஆர்பக்கிள் அப்புறம் என்ன ஆனார்?

1921இல் ஒரு விருந்துக்குப் பின் நடிகை ஒருவர் இறந்துபோக, அவர் மேல் வழக்கு வந்தது. மூன்று முறை விசாரணை நடந்து 1922இல் நிரபராதி என்று தீர்ப்பானது. நடுவர்கள் அவரிடம் வருத்தம் தெரிவித்து எழுதிக்கூடக் கொடுத்தார்கள். அதற்குள் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தன, நட்சத்திர வாழ்க்கை போய்விட்டது. கூட நின்ற சிலரில் கீட்டன் ஒருவர்.

டூப் போட்டிருப்பாங்க, இல்லன்னா கேமரா ட்ரிக்கா இருக்கும். நிஜமாவே அவரே குதிச்சாரா?

அவரேதான். டூப் போட்டதாக எல்லோரும் சொல்லும் ஒரே இடம், 1927இல் வந்த 'காலேஜ்' படத்தில் கம்பு ஊன்றி ஜன்னலுக்குள் பாயும் காட்சி. அதை ஒலிம்பிக் வீரர் லீ பார்ன்ஸ் செய்தார். இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று: 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து உதவியாளர் விழுவாரே, அந்த நடிகருக்கு டூப் போட்டது கீட்டன்.

எடிட்டிங்கில் ஏமாற்றுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு சாகசம் என்றால் தலை முதல் கால் வரை தெரிகிற தூரத்தில் கேமராவை வைத்து, நடுவில் வெட்டாமல் எடுப்பார். மேடைக்காரர் புத்தி அது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் முழு ஆளையும்தானே பார்க்கிறார்? 'த்ரீ ஏஜஸ்' படத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கைப்பிடி தவறி நிஜமாகவே கீழே போய்விட்டார், கீழே வலை இருந்தது. தவறிய அந்த ஷாட்டைத் தூக்கிப் போடாமல், விழுந்த பிறகு என்ன ஆகும் என்று கதையை நீட்டி அதையே படத்தின் நல்ல சிரிப்புகளில் ஒன்றாக ஆக்கினார்.

ட்ரிக் என்று சொல்லிவிட்டே செய்தால் அது வேறு கதை. 1921இல் வந்த 'த ப்ளேஹவுஸ்' குறும்படத்தில் ஒரே ஃபிரேமில் ஒன்பது கீட்டன்கள் இருக்கிறார்கள். லென்சை மூடித் திறக்கும் பட்டைகளால் மறைத்து, அதே பிலிமைத் திரும்பத் திரும்பச் சுற்றி எடுத்தது. கேமராவைக் கையால் சுற்றிய காலம். கேமராமேன் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுற்றியிருக்க வேண்டும், ஒரு தடவை பிசகினாலும் எல்லாம் பாழ்.

வீட்டுச் சுவர் அப்படியே மேல விழுதே, அது நிஜச் சுவரா?

நிஜம். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. சுமார் இரண்டு டன் எடையுள்ள முகப்புச் சுவர். மாடி ஜன்னல் திறந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அவர் நின்றார். சுற்றிலும் சில அங்குல இடைவெளிதான். நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் ஆணி அடித்துக் குறித்திருந்தார்கள். யூனிட்டில் சிலர் திரும்பி நின்றுகொண்டார்களாம்.

இது திடீரென்று தோன்றிய யோசனை அல்ல. 1919இல் ஆர்பக்கிளோடு செய்த படத்தில் மேடையில் நிறுத்தும் லேசான தட்டி ஒன்று இப்படி விழும். 1920இல் வந்த 'ஒன் வீக்' படத்தில் கொஞ்சம் பெரிய சுவர். மூன்றாவது தடவைதான் இரண்டு டன். நான் இதைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், இன்னும் தோள் சுருங்குகிறது.

கழுத்து எலும்பு உடைஞ்சது தெரியாமலே வருஷக்கணக்கா நடிச்சாராமே, அளக்குறீங்களா?

அளக்கவில்லை. 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் ரயில் மேல் ஓடிவந்து, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் அவர் எதிர்பார்த்ததைவிடப் பலமாகக் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் அடித்தது. சில நாள் தலைவலி, அவ்வளவுதான் என்று வேலைக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர், கழுத்தில் எலும்பு முறிந்து ஒட்டிய அடையாளத்தைக் காட்டினார். அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. விழுந்தவர் எழுந்து ஓடுவதையும் பார்க்கலாம்.

டைட்டிலில் இயக்குநர் பேர் வேற யாரோடதோ வருதே? அப்ப இவர் வெறும் நடிகர்தானா?

பெயரைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எட்டி க்ளைன், க்ளைட் ப்ருக்மன், சார்லஸ் ரைஸ்னர் என்று கூட இருந்தவர்கள் பெயர் வரும், சிலவற்றில் அவர் பெயரும் சேர்ந்து வரும். காட்சியை அமைத்தது, கேமராவை வைத்தது, பிலிமை வெட்டியது பெரும்பாலும் அவர்தான்.

எழுதிய திரைக்கதையே கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தானே வந்துவிடும் என்பது அவர் கொள்கை. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் மொத்த யூனிட்டும் பேஸ்பால் விளையாடப் போய்விடும். யாருக்காவது யோசனை வந்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஷூட்டிங். இந்த வசதி எவ்வளவு பெரிய சொத்து என்பது பேசும்பட கேள்வியில் தெரியும்.

'த ஜெனரல்' இவ்வளவு பெரிய படம்னு சொல்றீங்க, அப்ப ஏன் ஓடல?

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினர் தெற்கத்திய ரயில் இன்ஜின் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடிய உண்மைச் சம்பவம்தான் கதை. 1926இல் ஆரெகான் மாநிலத்தின் காட்டேஜ் க்ரோவ் பகுதியில் எடுத்தார். சண்டைக் காட்சியில் வருகிற ராணுவ வீரர்கள் அந்த மாநிலக் காவல்படை ஆட்கள். வடக்குப் படையின் நீல உடுப்பில் வலமிருந்து இடமாக ஓடவிட்டு, அப்புறம் அதே ஆட்களுக்குத் தெற்குப் படையின் சாம்பல் உடுப்பு மாட்டி இடமிருந்து வலமாக ஓடவிட்டார். எரியும் பாலத்திலிருந்து ஆற்றில் விழுவது நிஜ இன்ஜின், பொம்மை இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள். இன்ஜின் பல வருடம் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போர் காலத்தில் பழைய இரும்புக்குப் போனது.

செலவு எக்கச்சக்கம், வசூல் அதற்கு ஈடாகவில்லை. போரை வைத்துச் சிரிப்பதா என்று சில விமர்சகர்களுக்குக் கோபம். சிரிக்க வந்தவர்களுக்கோ, சிரிப்பைவிடத் துரத்தல் அதிகமாகத் தெரிந்தது. இப்போது உலகின் சிறந்த படங்கள் பட்டியலில் வருகிறது. இந்தத் தோல்விக்குப் பிறகு ஷெங்க் செலவைக் கண்காணிக்க ஆள் வைத்தார், கீட்டனின் சுதந்திரம் குறையத் தொடங்கியது இங்கேதான்.

அதுல ஹீரோ அடிமைமுறை வச்சிருந்த தெற்குப் பக்கம்தானே? அது உறுத்தலையா?

உறுத்துகிறது. தோற்ற பக்கத்தைப் படம் பார்ப்பவர்கள் வில்லனாக ஏற்க மாட்டார்கள் என்பது கீட்டன் சொன்ன காரணம். அடிமைமுறை என்ற ஒன்று நடந்ததாகவே படம் காட்டிக்கொள்வதில்லை. 'செவன் சான்சஸ்', 'காலேஜ்' போன்றவற்றில் முகத்தில் கறுப்பு பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் இடங்களும் உண்டு, அதுவும் வாடவில் மேடையிலிருந்து வந்த பழக்கம்தான். பிள்ளைகள் இருக்கும்போது நான் அந்த இடங்களில் நிறுத்தி, இது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்வேன்.

பேசும்படம் வந்ததும் குரல் சரியில்லாமதானே வீழ்ந்தார்?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும், இதன் விடைதான் அதிகம் தப்பாகவும் சொல்லப்படுகிறது. அவர் குரல் கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அந்த முகத்துக்கு நன்றாகவே பொருந்தும். மேடையில் பேசிப் பழகியவருக்குப் பேச என்ன பயம்? ஆரம்பகாலப் பேசும்படங்கள் நன்றாக வசூலும் செய்தன. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளுக்கு வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து அவரே பேசினார்.

வீழ்த்தியது ஒப்பந்தம். 1928இல் ஷெங்க் சொன்னதைக் கேட்டு எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போனார். போகாதே என்று சாப்ளினும் லாயிட்டும் எச்சரித்தார்கள். தன் வாழ்க்கையின் பெரிய தவறு அதுதான் என்று அவரே பிற்பாடு சொன்னார். முதல் படம் 'த கேமராமேன்' அருமையாக வந்தது. அப்புறம் எழுதி முடித்த ஸ்கிரிப்ட், பக்கத்துக்குப் பக்கம் வசனம், அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. பேஸ்பால் விளையாடி நடுப்பகுதியைக் கண்டுபிடித்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? போதாததற்கு வாய் ஓயாத நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்ட்டியோடு ஜோடி சேர்த்தார்கள். அந்தப் படங்களில் கீட்டன் யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

குடியும் சேர்ந்துகொண்டது. 1932இல் மனைவி நடாலி டால்மட்ஜ் விவாகரத்து பெற்றார், 1933இல் ஸ்டுடியோ வேலையைவிட்டு நீக்கியது. வாரம் 3,000 டாலர் வாங்கியவர் சில வருடத்தில் அதே ஸ்டுடியோவில் வாரம் 100 டாலருக்கு மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார்.

கடைசியில வறுமையில செத்தாரா?

இல்லை. சோகக் கதையாக முடித்தால்தான் சிலருக்குத் திருப்தி. குடியிலிருந்து மீண்டார். 1940இல் தன்னைவிட 23 வயது இளையவரான எலினார் நாரிஸ் என்ற நடனக் கலைஞரை மணந்தார், அந்தத் திருமணம் கடைசிவரை நிலைத்தது. 1947இல் பாரிசில் மெட்ரானோ சர்க்கஸில் மேடை ஏறினார், அதாவது தொடங்கிய இடத்துக்கே. டிவி வந்ததும் அங்கேயும் வேலை. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே மேடையில் வருவார்கள். பெரிய படங்களில் இருவரும் சேர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் வாழ்க்கையைப் பற்றி 1957இல் ஒரு படம் வந்தது. படம் சுமார்தான், உண்மைக்கும் அதற்கும் தூரம். ஆனால் அதற்குக் கிடைத்த 50,000 டாலரில் கலிபோர்னியாவில் தோட்டம் வைத்த வீடு வாங்கினார். 1960இல் கௌரவ ஆஸ்கர், 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் நீண்ட கைதட்டல். 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதுவரை வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.

அவர் படங்கள் எல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சாமே, எப்படி மீண்டது?

ஊமைப்படத்துக்கு மவுசு போனதும் யாரும் பிரதிகளைப் பேணவில்லை, பழைய நைட்ரேட் பிலிம் தானாகவே அழுகிவிடும். வசதியாக இருந்த காலத்தில் கீட்டன் கட்டிய மாளிகையைப் பிற்பாடு நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். அங்கே பூட்டிக் கிடந்த அறையில் பழைய பிரதிகள் கிடைத்தன. 1954இல் ரேமண்ட் ரோஹவர் என்ற திரையரங்குக்காரர் கீட்டனோடு கூட்டுச் சேர்ந்து, படங்களைத் தேடிப் புதிய பிலிமுக்கு மாற்றி உலகமெங்கும் திரையிட்டார்.

எதுல ஆரம்பிக்கலாம்? பசங்களுக்குப் புரியுமா?

'ஒன் வீக்'. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. புதுமணத் தம்பதி, பெட்டிகளில் துண்டு துண்டாக வந்த வீட்டைத் தப்புத்தப்பாகச் சேர்த்துக் கட்டுகிற கதை, எந்த வயதுக்கும் புரியும். அப்புறம் 'ஷெர்லாக் ஜூனியர்', முக்கால் மணி நேரம்தான். 'த ஜெனரல்' மூன்றாவதாக இருக்கட்டும். முதலிலேயே போட்டால் சிலர் நெளிகிறார்கள். 1920களில் வந்த படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். மங்கலான பிரதியைத் தவிர்த்துவிட்டு, சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். மங்கல் பிரதியில் அவர் கண் தெரியாது. கண் தெரியாவிட்டால் கீட்டனே இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு படத்துலகூட சிரிச்சதே இல்லையா?

சிரித்திருக்கிறார். கல்முகம் உறுதியாவதற்கு முன், 1917இல் ஆர்பக்கிளோடு செய்த 'கோனி ஐலண்ட்' குறும்படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார், அழவும் செய்கிறார். பிரான்சில் 1934இல் எடுத்த ஒரு படத்தின் கடைசியில் ஒரு புன்னகை உண்டு. என் வீட்டில் 'கோனி ஐலண்ட்' போட்ட அன்று ஒரு பத்து வயதுப் பெண், "இது அவர் இல்ல, வேற யாரோ" என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.